பீங்கானுக்குப் பதில் அகராதி

மூன்றாவது அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்த கூலிக்காரர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, தட்டா, இல்ல சிமென்ட் மூட்டையா?" என்று மேல்மூச்சு வாங்கக் கேட்டார்.

"பீங்கான்னா கனமாத்தான் இருக்கும்ண்ணே," என்றாள் மேலே நின்ற இனாஸ். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை கல்யாணம். இன்று பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஃப்ளாட்டுக்கு வந்து சாமான் அடுக்கும் நாள். அடுக்கி முடித்ததும் மாமியாரும் அவருடைய உறவுக்காரப் பெண்களும் பார்க்க வருவார்கள். மெத்தையை அமுக்குவார்கள், திரைச்சீலையைத் தடவுவார்கள், கடைசியில் நீஷுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

நீஷ் இல்லாத கல்யாணம் எங்கள் கெய்ரோவில் கல்யாணமே இல்லை. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி அது. உள்ளே பீங்கான் தட்டுகளும் பளிங்குக் கிளாஸ்களும் இருக்கும். அந்தத் தட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, அந்தக் கிளாஸில் யாரும் குடிப்பதில்லை. அவ்வப்போது வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்போம், அவ்வளவுதான். இந்தக் கூத்துக்காகப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து தாய்மார்கள் வாங்கிச் சேர்க்கிறார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பைத்தியம் பிடிக்காத வீட்டை நான் பார்த்ததில்லை, என் வீடு உட்பட.

இனாஸின் தாய் ரவ்ஹியாவும் அப்படித்தான் பன்னிரண்டு பேர் சாப்பிடும் ஒரு டின்னர் செட்டை வாங்கி, வைக்கோல் சுற்றி, கட்டிலுக்கு அடியில் கண்ணின் மணியாகக் காத்து வந்தாள். அந்தச் செட்டு இப்போது கட்டிலுக்கு அடியிலும் இல்லை, அட்டைப்பெட்டியிலும் இல்லை. அஸ்பகியா மதிலோரம் பழைய புத்தகக்கடை வைத்திருக்கும் ஸைன்ஹும் சாச்சாவின் வீட்டில் இருந்தது. அவருக்கும் கட்டிக்கொடுக்க ஒரு பெண் இருந்தாள்.

இனாஸ் நகரத்துக்குள் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், நீரிறைக்கும் இயந்திரத்தின் கையேடு, ஒப்பந்தப் பத்திரம் என்று எது வந்தாலும் ஆங்கிலத்திலிருந்து அரபிக்குக் கொண்டுவருவாள். அந்த வேலை அவளுக்கு உயிர். மாப்பிள்ளை லுத்ஃபியின் ஃப்ளாட் இருப்பதோ ஹெல்வானில், நகரத்தின் ஒரு கோடியில். தினமும் போய் வர முடியாது. மேலாளர் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "வேலையை வீட்டுக்கே அனுப்பறேன். ஆனா அகராதியெல்லாம் உன்கிட்ட சொந்தமா இருக்கணும். ஆபீஸ் புத்தகம் இந்த வாசலைத் தாண்டாது. ஒரு வார்த்தை தப்பினா மருந்து விஷமாயிடும், தெரியும்ல?"

புத்தகம் இல்லையென்றால் வேலை இல்லை. அவளுக்குத் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் 'கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்' என்று வேலையை விட்டவர்கள். விட்டது விட்டதுதான். அந்த வரிசையில் போய் நிற்க அவளுக்குப் பயம். கல்யாணத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

அதனால்தான் தாய் ஊரில் இல்லாத ஒரு நாளில் செட்டைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போனாள். ஸைன்ஹும் சாச்சா ஒவ்வொரு தட்டையும் விரல் நுனியால் சுண்டிப் பார்த்தார். பிறகு அவள் கேட்டதையெல்லாம் கொடுத்தார்: முதுகில் கறுப்பு டேப் ஒட்டிய மருத்துவ அகராதி, மேலட்டை போன தேசப்படப் புத்தகம், சட்டச் சொற்களின் கோவை, தொழில்நுட்ப அகராதி இரண்டு பாகம், மருந்துப் பெயர்களின் தடித்த தொகுப்பு. எல்லாம் பல கை பட்டு நைந்தவை. அவரே மனம் பொறுக்காமல், தங்க எழுத்து மின்னும் தோல் அட்டை போட்ட ஒரு கலைக்களஞ்சியத்தின் முழு வரிசையையும் மேலே தூக்கி வைத்தார். "இதையும் எடுத்துக்கம்மா. தட்டு நல்ல தட்டு, நான் ஏமாத்தினேன்னு இருக்கக் கூடாது," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, எல்லாவற்றையும் அதே வைக்கோலில் சுற்றி அதே பெட்டியில் வைத்தாள். தாயிடம் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் வாயைத் திறந்தாள். தினமும் வேறு ஏதோ பேசினாள்.

இப்போது பெட்டி கூடத்துக்கு நடுவில் இருந்தது. ரவ்ஹியாவின் தங்கை நபவியா காலா கத்தியால் கயிற்றை அறுத்தாள். வைக்கோலை விலக்கினாள். கையை உள்ளே விட்டாள். அவள் முகம் மாறியது.

"அக்கா, இங்க வா. இது தட்டு மாதிரி தெரியல."

ரவ்ஹியா வந்தாள். கறுப்பு டேப் ஒட்டிய அகராதியைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கடி என் தட்டெல்லாம்?"

"மாத்திட்டேன் உம்மா."

"எதுக்கு? இதுக்கா?"

"எனக்கு இது வேணும் உம்மா. இது இல்லன்னா..."

பேச்சு முடியுமுன் தாயின் செருப்பு பறந்து வந்தது. இனாஸ் குனிந்துகொண்டாள். இரண்டாவது செருப்பு தோளில் பட்டது.

"ஏண்டி, புருஷனுக்குச் சோத்தைக் காகிதத்துல போடுவியா?" என்றாள் நபவியா காலா.

"தட்டுலயும்தான் யாரும் போட மாட்டாங்களே காலா!"

"வாயைப் பாரு! அது போடறதுக்கா வாங்கினது? மானத்துக்கு வாங்கினதுடி!"

ரவ்ஹியா அழவில்லை. அழுதிருந்தால் இனாஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் வைக்கோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் தான் செய்தது என்ன என்று இனாஸுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க அருகில் போனாள்.

அதற்குள் படிக்கட்டில் குலவைச் சத்தம் எழுந்தது. மாமியார் வந்துகொண்டிருந்தார்.

ரவ்ஹியா சட்டென்று எழுந்தாள். வீட்டுச் சண்டை வீட்டோடு. "நபவியா, அந்தத் தங்க முதுகு வச்சதையெல்லாம் எடு. பின்னல் விரிப்பை அடியில போடு. கிளாஸை ரெண்டு ஓரத்துலயும் நிறுத்து. சீக்கிரம்!" என்றாள். கலைக்களஞ்சியம் மளமளவென்று நீஷுக்குள் ஏறியது.

தஃபீதா ஹாஜிம்மா உள்ளே வந்தார். பின்னால் ஐந்தாறு பெண்கள். மெத்தையை அமுக்கியாயிற்று, திரைச்சீலையைத் தடவியாயிற்று. நீஷுக்கு முன்னால் வந்ததும் ஹாஜிம்மா நின்றார்.

"இது என்ன சம்பந்தி?"

"எங்க குடும்பத்துல இப்படித்தான் ஹாஜிம்மா," என்றாள் ரவ்ஹியா கண்ணிமைக்காமல். "தட்டு யார் வீட்டுலதான் இல்ல? புத்தகம் வைக்கறதுக்கு ஒரு தகுதி வேணும்."

ஹாஜிம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். தங்க எழுத்துகள் மின்னின. மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பெரிய டாக்டர் வீடு மாதிரி இருக்கே! கீழ் ஃப்ளாட் உம்மு ஸர்வத்தைக் கூப்பிட்டுக் காட்டணும். மருமக வீட்டு நீஷ்ல மீன் பொம்மை வச்சிருக்கான்னு என்னா பீத்தல் பீத்தினா!" என்றவர் வாயில் கை வைத்துக் குலவையிட்டார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நபவியா காலாவும்கூட.

இனாஸுக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். பெட்டியில் மீதமிருந்த நைந்த புத்தகங்களைக் கொண்டுவந்து கீழ்த்தட்டில் வைக்கக் குனிந்தாள்.

"அய்யய்யே, அது வேணாம்மா," என்று ஹாஜிம்மா கையைப் பிடித்தார். "கிழிஞ்சதெல்லாம் வச்சா பார்வையா இருக்காது. பெட்டியைப் பால்கனியில தள்ளு. வெங்காயம் பூண்டெல்லாம் அங்கதான் இருக்கு." சொல்லிக்கொண்டே நீஷின் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஹாஜிம்மா, சாவி..."

"என்கிட்ட பத்திரமா இருக்கும். தூசி துடைக்க நானே வருவேன்."

"எனக்கு எடுத்துப் பார்க்கணுமே. வேலைக்கு."

"என்ன வேலை?"

இனாஸ் வாசலைப் பார்த்தாள். லுத்ஃபி சர்பத் தட்டோடு அப்போதுதான் வந்து நின்றான். நல்லவன், கெட்ட வார்த்தை பேசத் தெரியாதவன், யார் கடைசியாகப் பேசினாலும் தலையாட்டுபவன். வீட்டிலிருந்து வேலை பார் என்று அவளிடம் நூறு தடவை சொன்னவன்.

"நீங்க சொல்லலையா?" என்றாள் அவனிடம்.

லுத்ஃபி தட்டைப் பார்த்தான். "முதல் வருஷம் கொஞ்சம் ஓய்வா இரேன் இனாஸ். அப்புறம் பார்க்கலாம்," என்றான்.

அப்புறம் பார்க்கலாம். அவள் காதில் விழக் கூடாது என்று பயந்த அதே வார்த்தை. அவள் குனிந்து பால்கனிக்குப் போகவிருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற?" என்றார் ஹாஜிம்மா.

"நீஷை நீங்களே வச்சுக்குங்க. இது என்னோடது. இதுக்கு இடமில்லாத வீட்டுல எனக்கு இடமில்ல."

பெட்டியின் மறுமுனை திடீரென்று இலேசானது. ரவ்ஹியா வந்து பிடித்திருந்தாள்.

"கிழிஞ்சதோ கந்தலோ, என் பொண்ணு சீராக் கொண்டுவந்த சாமான். அதை வெங்காயத்தோட தள்ள நீங்க யாரு சம்பந்தி?" என்றாள். செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

மூன்று மாடிகளும் அவள் வாய் ஓயவில்லை. "ஒரு தட்டுல ஒரு கீறல் கிடையாது. நாசமாப் போனவளே, மெதுவா இறங்கு. நீலப்பூப் போட்ட தட்டு. உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். படி வழுக்குது, பார்த்து."

தெருவில் பெட்டியை இறக்கினார்கள். தெருவோரம் இஸ்திரி போடுகிறவர் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். டாக்ஸி ஒன்றும் கண்ணில் படவில்லை. லுத்ஃபியை இனாஸுக்குப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும். மேலே ஓடிப்போய் எல்லாம் விளையாட்டு என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அப்போது தலைக்கு மேல் ஏதோ ஆடியது. மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய பிரம்புக்கூடை இறங்கி வந்தது, காய்கறி வாங்க இறக்குவதுபோலவே. அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது. உள்ளே நீஷின் சாவி இருந்தது.

"எடுத்துக்கிட்டு மேல வா!" என்று கத்தினார் ஹாஜிம்மா. "தெருவே பார்க்குது!"

"பார்க்கட்டும் ஹாஜிம்மா!" இனாஸுக்குத் தன் குரல் இப்போது தன்னுடையதாகவே கேட்டது. "சாவி மட்டும் போதாது. இந்தக் கிழிஞ்ச புத்தகமெல்லாம் நீஷுக்குள்ள, என் கைக்கு எட்டற தட்டுல இருக்கணும். சாப்பாட்டு மேசை காலைல என் வேலைக்கு. லுத்ஃபி, இப்ப சொல்லுங்க, எல்லாரும் கேக்கற மாதிரி!"

பால்கனியில் தாயின் தோளுக்குப் பின்னால் லுத்ஃபியின் தலை தெரிந்தது. அவன் தாயைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், இனாஸைப் பார்த்தான்.

"மேசை உனக்குத்தான்!" என்று கத்தினான். குரல் கீச்சென்று உடைந்தது.

"சாட்சிக்கு நான் இருக்கேன் தங்கச்சி!" என்றார் இஸ்திரிக்காரர்.

இனாஸ் சாவியை எடுத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து மருத்துவ அகராதியை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

"இழுங்க ஹாஜிம்மா!"

"என்னது? நானா?"

"மூணு மாடி என்னால திரும்பத் தூக்க முடியாது. இழுங்க!"

கயிறு விறைத்தது. மேலே ஹாஜிம்மா அல்லாவைக் கூப்பிட்டார், தன் முதுகைச் சபித்தார், லுத்ஃபியைச் சபித்தார், ஆனால் கயிற்றை விடவில்லை. லுத்ஃபி உதவ நீட்டிய கையையும் தட்டிவிட்டார். கூடை ஆடி ஆடி ஏறியது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது உம்மு ஸர்வத் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன ஹாஜிம்மா, இன்னைக்குச் செங்கல்லா வாங்கறீங்க?"

"கையை எடு!" என்று மேலிருந்து சீறினார் ஹாஜிம்மா, மூச்சு வாங்க. "என் மருமகளோட வேலைச் சாமான் அது. கீழ இன்னும் நிறைய இருக்கு. வழியை விடு!"