துடைத்த சோல்

ரயில்வே கேட் இறங்க ஆரம்பித்தபோது மேகலாவுக்கும் அதற்கும் நடுவே ஐம்பது அடி இருந்தது.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பிரேக் பிடித்து, காலை ஊன்றி, போனைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். மேகலாவின் சைக்கிளுக்கு இருப்பது ஒரே சக்கரம். காலை ஊன்றினால், விடிந்ததிலிருந்து ஓட்டிய இருபத்திரண்டு கிலோமீட்டரும் குப்பை.

இன்னும் எட்டு பாக்கி.

"நான் போய் கேட்காரர்கிட்ட பேசறேன்டி!" என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டியை முறுக்கினாள், விடிந்ததிலிருந்து கூடவே வந்த இஃப்ரா. பேசப் போன வேகத்தில் தண்டவாளத்தையும் தாண்டிவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் கேட் விழுந்தது.

சாட்சி அந்தப் பக்கம். மேகலா இந்தப் பக்கம்.

சாட்சி என்றால் நிஜமாகவே சாட்சிதான். பெங்களூரில் ஒற்றைச் சக்கரம் ஓட்டுகிற குழு ஒன்று இருக்கிறது. ஜனவரியில் கன்னியாகுமரி வரை போகிறார்கள். மொத்தம் பத்துப் பேர். ஒன்பது இடம் நிரம்பிவிட்டது. பத்தாவது இடம் வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் கால் தரையில் படாமல், எதையும் பிடிக்காமல் ஓட்டியதாக ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் இன்று, ஞாயிற்றுக்கிழமை.

மேகலாவுக்கு வயது முப்பத்து மூன்று. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. நான்கு வருடத்துக்கு முன், காட்பாடியில் ஹாஸ்டலைக் காலி செய்த எவனோ தூக்கிப் போட்ட இந்த வண்டியைப் பழைய இரும்புக் கடையில் பார்த்தாள். ஏன் வாங்கினாள் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் சொன்னதில்லை. முதல் வருடம் விழுந்தாள். இரண்டாம் வருடம் இரண்டு கிலோமீட்டர். பிறகு ஐந்து, எட்டு, பதினைந்து. போன மாதம் இருபத்தாறில் இடுப்பு விட்டுப்போய், ஒரு கரும்புத் தோட்டத்து ஓரம் உட்கார்ந்து அழுதாள்.

மிதிப்பதுகூடப் பரவாயில்லை. உட்காருவதுதான் வலி. இறக்கத்தில்கூட இதில் கால் ஓயாது; சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். உடம்பின் எடை முழுக்க ஒரு சாண் சீட்டின்மேல். ரத்தம் நின்று தொடை மரத்துப்போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டைவிட்டு எழும்பிப் பத்து மிதி மிதித்தால் மறுபடி ரத்தம் ஓடும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஷூவுக்குள் வைக்கிற மெல்லிய தோலில் சீட்டுக்கு உறை தைத்தாள். ஆறு நாள் மெஷின் ஸ்டூல், ஏழாம் நாள் இந்த சீட். களைப்பு வந்து போவதை நிறுத்திவிட்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

இஃப்ரா அதே கம்பெனியில் க்யூ.சி. முடிந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். மேகலாவின் தையலுக்கே வாரத்துக்கு நான்கு அம்பு விழும். மத்தியானம் இருவருக்கும் ஒரே டிபன் பாக்ஸ்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு மேகலா காம்பவுண்டுச் சுவரைப் பிடித்து சீட்டில் ஏறியதும், இஃப்ரா கீழே குந்தினாள்.

"காலத் தூக்கு."

"எதுக்குடி?"

"நான் வண்டி ஓட்டுவனா, உன் காலயே பாத்துனு வருவனா?" துணியைக் கிளீனரில் நனைத்து, மேகலாவின் புது ஷூவின் வெள்ளை சோல் இரண்டையும் அழுத்தித் துடைத்தாள். "பெடலயும் துடைச்சிட்டேன். இனிமே இது ரோட்ட தொட்டா தானே காட்டிக்குடுத்துடும். முடிச்சதும் தொபுக்குனு குதிக்காத. கம்பத்த புடிச்சி மேலயே இரு. சோல பாத்துட்டுதான் இறக்குவேன்."

"நீ போலீஸுக்குப் போயிருக்கலாம்."

"அங்க டார்கெட் கம்மி."

அந்த இஃப்ராதான் இப்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அடுத்த நொடி சரக்கு ரயில் நடுவே புகுந்து அவளை மறைத்துவிட்டது.

மேகலா அரை மிதி முன்னே, அரை மிதி பின்னே என்று ஆட ஆரம்பித்தாள். இருந்த இடத்திலேயே நிற்பதற்கு இது ஒன்றுதான் வழி. கீழே கருஞ்ஜல்லி சிதறிக்கிடந்தது. இப்படி ஆடிப் பழகியது நான்கு நிமிடம்தான்.

பின்னால் பைக்குகள் சேர்ந்தன.

"யக்கா, இன்னொரு சக்கரத்த எங்க வுட்டுட்டு வந்த?"

"பஞ்சர் ஒட்டக் குடுத்திருக்கும்டா!"

அவள் திரும்பவில்லை. கேட்டின் நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தையே பார்த்தாள். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டியும் போனது. கேட் ஏறவில்லை.

"எதிர்ல எக்ஸ்பிரஸ் வர்துமா," என்றார் பக்கத்தில் பால் கேன் கட்டிய வண்டிக்காரர். "அஞ்சு நிமிஷம் ஆவும். இறங்கி நில்லேன், யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கப் போவதில்லை. அதுதான் பேஜார்.

ஐந்தாவது நிமிடம் இடது தொடை மரத்தது. அப்புறம் முட்டி. எழும்பி மிதிக்க இங்கே இடமில்லை. ஒரே ஒரு நொடி கண் செருகியது. விழித்தபோது உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கால் பெடலில் இல்லை.

"ஏய் ஏய் ஏய்!" என்றது கூட்டம்.

இடுப்பை வெட்டி இழுத்தாள். பெடல் கணுக்காலில் அறைந்தது. பாதம் எப்படியோ மேலே ஏறிக்கொண்டது. வண்டி விழவில்லை.

கால் பட்டதா?

தெரியவில்லை. மரத்துப்போன காலுக்குக் காற்றும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான். பால்காரர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பட்டுச்சாண்ணா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அவள் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸ் வந்து காதை அடைத்தது.

கேட் ஏறியதும் இஃப்ரா கத்தினாள். "கால் வச்சிட்டியா?"

"ஓட்டினு வர்றேன் இல்ல? வழி வுடு!"

அது பதிலே இல்லை.

இருபத்து மூன்று. இருபத்து நான்கு. உதடு உப்புக் கரித்தது. தோளில் தொங்கிய பையிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சிய தண்ணீர் சுட்டது. இருபத்தாறில், போன மாதம் அழுத இடத்துக் கணக்கைத் தாண்டியபோதும் சந்தோஷம் எட்டிப் பார்க்கவில்லை. வேறொன்று தலைக்குள் சுற்றியது. முடிவில் கம்பத்தைப் பிடிக்காமல் குதித்துவிட்டால்? சோலில் ரோட்டு அழுக்கு ஏறிவிடும். பழைய அழுக்கு எது, புது அழுக்கு எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவளாலும்தான். தெரியாமலே கன்னியாகுமரி போய்விடலாம்.

இருபத்தெட்டு. குதித்துவிடலாம். இருபத்தொன்பது. குதித்துவிடலாம்.

குடியாத்தம் எல்லையில், ஒரு தறிக்கூடத்தின் முன்னால் இருக்கிற விளக்குக் கம்பம்தான் முடிவு. இஃப்ரா முன்னதாகப் போய் நின்று, துப்பட்டாவைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"முப்பது! முப்பதுடி! இறங்கு, இறங்கிடு!"

மேகலாவின் கை கம்பத்தைப் பிடித்தது. அப்படியே நெற்றியைக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டாள். இறங்கவில்லை.

"சோல் பாக்கல நீ."

"அதெல்லாம் பாத்தாச்சி. இறங்கு."

"எப்படி பாத்த? ஸ்கூட்டில உக்காந்துனா?"

இஃப்ரா அசையவில்லை. இப்போதுதான் மேகலாவுக்குப் புரிந்தது. இவள் மறக்கவில்லை. பார்க்கப் பயப்படுகிறாள்.

"பாருடி. காலத் தூக்கறதுக்கு எனக்கு ஜாஸ்தி தெம்பு இல்ல."

இஃப்ரா குந்தினாள். வலது சோல் சுத்தம். பெடலின் புள்ளித் தடங்கள் மட்டும். இடது சோலை இரண்டு கையாலும் ஏந்தினாள். விரல்நுனி அளவுக்கு ஒரு கருப்புத் தீற்றல். அதன் நடுவே, பள்ளத்தில் சிக்கிய கடுகளவு ஜல்லி.

"பெடல்ல இருந்த தூசியா இருக்கும்," என்றாள் இஃப்ரா.

"பெடல்ல ஜல்லி ஏது?"

"கடுகு மாதிரி இருக்குது, மேகலா. நகத்தால தள்ளுனா போய்டும்." நகம் அதன் அருகே போய்விட்டது.

"நோண்டாத. என் தையல்ல ஒத்த நூல் தூக்குனா அம்பு ஒட்டுவ. இப்ப இன்னா?"

"அது ஷூடி. இது... நாலு வருஷம்டி."

"தெரியும். ஒட்டு."

இஃப்ரா கைப்பையிலிருந்து அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒரு அம்பை உரித்தாள். விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறைதான் சோலில் இறங்கியது, கூர் ஜல்லியைப் பார்த்தபடி.

"இப்பவாவது இறங்கித் தொல."

"முடியல. கால் இருக்குதான்னே தெரியல. நீதான் இறக்கணும்."

இஃப்ரா அவளை அக்குளில் கைகொடுத்து, நெல் மூட்டை இறக்குவதுபோல இறக்கிச் சுவரோரம் உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"பெங்களூருக்கு இன்னா எழுதட்டும்?"

"பாத்தத எழுது."

அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதி அனுப்பினாள். நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

"அடுத்த வருஷமும் போவாங்க இல்ல?" என்றாள் மேகலா, கண்ணை மூடியபடி.

"போவாங்க. அப்போ கேட்டே இல்லாத ரோடா பாக்கலாம்."

"வேணாம். அதே கேட்டு. நீ மட்டும் ரயில் டைம் பாத்துட்டு வா."

"ரயில் டைம் பாக்கறதும் சாட்சி வேலையா?"

மேகலாவின் தலை அவள் தோளில் விழுந்திருந்தது. இஃப்ரா அசையாமல் உட்கார்ந்தாள்.