கடைசி வரியில் என்ன பாடுகிறார்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல, ஒருத்தியிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தது. இடது காதில் ஓயாத ரீங்காரம் என்று பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள் அந்தப் பெண். "சத்தம் கேட்டா பொத்தான அமுக்குங்க. கேக்காதப்ப அமுக்காதீங்க."

கேட்காதபோதும் அமுக்கினேன். வெளியே வந்ததும், "ரெண்டு தடவை பொய் சொன்னீங்க" என்றாள். கோபமில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மூன்றாம் முறை போனபோது இந்தக் கதையைச் சொன்னாள். நான்காம் முறை அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். என் சந்தேகம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

(தன்னை யாரென்று தெரியாதபடி எழுதச் சொன்னாள். முதல் பிரதியில் அவளைப் பல் கட்டுகிறவளாக மாற்றிப் பார்த்தேன். காதால் நடந்த விஷயத்தைப் பல்லால் எப்படிச் சொல்வது? மறுபடியும் காதுக்கே கொண்டுவந்துவிட்டேன். அவள் இதைப் படித்துவிட்டுத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், பாட்டின் கடைசி வரி அவள் வாழ்க்கையை—

மழை பெய்யவில்லை. மாலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி, தையல் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஒன்பது நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே ஒன்பது பேர் கூடி, முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய ஒரு பாட்டைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். பிரிந்து போகிறவன் கடைசி வரியில் "காத்திரு" என்று பாடி நிறுத்துவான். ஆனால் முதலில் பதிவானது அதுவல்ல, "காத்திராதே" என்று ஒரு பதிவு இருந்தது, சோகம் விற்காது என்று தயாரிப்பாளர்தான் மாற்றச் சொன்னார், அதற்குள் சில கேசட்டுகள் வெளியே போய்விட்டன என்று ஒரு பேச்சு. பாடகரிடம் ஒரு பேட்டியில் கேட்டார்கள். சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவர் குடித்த அந்த ஒரு மடக்குக்கு மட்டும் நூறு விளக்கம் உண்டு.

ஒரே பதிவுதான் என்றவர்கள் ஒற்றைக்கட்சி. இரண்டு என்றவர்கள் இரட்டைக்கட்சி. ஒற்றைக்கட்சிக்கு அவள்தான் தலைவி மாதிரி. காதை வைத்துத் தொழில் செய்கிறவள் என்பதால் அவள் பேச்சுக்கு எடை அதிகம்.

அந்த ஞாயிறு, இரட்டைக்கட்சியில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். "கேளுங்க. கடைசி ஒரு நிமிஷம்தான் போடுவேன்."

இரைச்சல். அதற்கடியில் அதே குரல், அதே மெட்டு. கடைசியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல், "காத்திராதே."

கால் ஆடும் நாற்காலி மட்டும் ஒரு முறை ஆடி நின்றது.

"ஒட்டுப்போட்டது" என்றாள் அவள். "கடைசி வரிக்கு முன்னாடி மூச்சு எடுக்குறாரு பாருங்க. அந்த மூச்சு வேற."

"ஒட்டுப்போட எனக்குத் தெரியாதும்மா. நான் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடுறவன்."

"அப்ப யாரு குடுத்தா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருன்னு சொல்ல முடியாதவங்க குடுத்தத நாங்க எதுக்கு நம்பணும்?"

பாதிப் பேர் அவள் பக்கம் தலையாட்டினார்கள். மெக்கானிக் முகம் சுண்டிப்போய்க் கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போகும்போது அவளை மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பொய் சொல்லிப் பிடிபட்டவன் பார்வை இல்லை அது. பாவம் பார்க்கிற பார்வை. அதுதான் அவளை உறுத்தியது.

3

இந்த இடத்தில் அக்காவைக் கொண்டுவந்தாக வேண்டும்.

அவளுக்குப் பத்து வயது மூத்தவள். தாய் போன பிறகு தங்கையை வளர்த்தவள். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது பாதி போய்விட்டது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்து மீதியைச் சரிசெய்துகொள்வாள். பாட்டு என்றால் அதுவும் முடியாது. தாளம் மட்டும் தெரியும், சொல் தெரியாது.

அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டிய ஒருவருக்கும் அவளுக்கும் பழக்கம். (அவருக்கு அவள் காது விஷயம் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மெஷின் சத்தத்தில் அங்கே எல்லாருமே வாயைப் பார்த்துத்தான் பேசுவார்களாம். அவள் தன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கலாம்.) அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. புறப்படும் அன்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு கேசட்டை அவள் கையில் திணித்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஏறிப் போய்விட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வயதுத் தங்கையை உட்காரவைத்துக் கேசட்டைப் போட்டாள். பாட்டுக்கு முன்னால் அவர் குரல் வந்தது.

"என்னடி சொல்றாரு?"

"கடைசி வரியக் கேளுன்னு சொல்றாருக்கா."

பாட்டு ஓடி முடிந்தது.

"கடைசி வரி என்ன?"

"காத்திரு."

அந்த மாதம் வேறொரு ஊரிலிருந்து ஒருவர் அக்காவைப் பெண் கேட்டு வந்திருந்தார். நல்ல இடம். வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். போனவரிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. அக்கா காத்திருந்தாள்.

4

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் மெக்கானிக்கைத் தேடிப் போனாள். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்துவைத்து, இருட்டுக் குழிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"முழுசாப் போடுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"ஒட்டு எங்க விழுந்திருக்குன்னு காட்டுறேன். போடுங்க."

பெருமூச்சு விட்டுவிட்டுப் போட்டார். இரைச்சல். ஒரு டக். பிறகு ஓர் ஆண் குரல், தொண்டை கரகரக்க: "கடைசி வரியக் கேளு."

அவள் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"உங்க அக்காதான்மா கேசட்டக் குடுத்தாங்க" என்றார் மெக்கானிக், டார்ச்சை அணைத்துவிட்டு. "உங்க போன்ல இருந்து நம்பர எடுத்து மெசேஜ் போட்டு வரச் சொன்னாங்க. கேசட்ட என் போன்ல பதிஞ்சுக்கிட்டேன். என்ன பாடுறாருன்னு எழுதிக் காட்டுங்கன்னாங்க. எழுதிக் காட்டினேன். மூணு தடவை படிச்சாங்க. அப்புறம், கூட்டத்துல போடுங்க, என் தங்கச்சி என்ன சொல்றான்னு வந்து சொல்லுங்கன்னாங்க."

"நான் சொன்னத அவங்ககிட்ட..."

"சொல்லிட்டேம்மா. ஒட்டுப்போட்டதுன்னு சொன்னாங்கன்னு."

5

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இவள்மேல் நம்பிக்கை குறைகிறது.

ஒற்றைக்கட்சியில் அவள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தாள்? பாட்டின்மேல் இருந்த பிரியம் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். இரண்டாவது பதிவு ஒன்று உண்டென்றால் அந்தக் கேசட்டில் இருந்தது எது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமலிருக்கப் பல வருடமாக ஒரு கூட்டத்தையே கட்டிக் காத்தாளோ? அல்லது அவளுக்கு உண்மையிலேயே—

தெரியவில்லை. முதல் தடவை என்னிடம் சொன்னபோது, "பாட்டு ரேடியோல நூறு தடவை கேட்டதுதான். வெளிய பிள்ளைங்க விளையாடக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. கடைசி வரி வர்றதுக்கு முன்னாடியே எழுந்துட்டேன். கேக்காமலே சொன்னேன்" என்றாள்.

அடுத்த தடவை, என் காது எவ்வளவு கேட்கிறது என்று அட்டையில் கோடு வரைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நல்லாக் கேட்டுச்சு. அக்கா கல்யாணம் பண்ணிட்டு அந்த ஊருக்குப் போயிட்டா எனக்கு யாரு தலை பின்னுவான்னு நெனச்சேன்."

எது முதல் பதிவு, எது மாற்றிய பதிவு? ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்ததை இரண்டாவதாகத்தான் சொன்னாளா? அல்லது, எழுதுகிறவனுக்கு இன்னும் நல்ல கதையாக ஒன்று தருவோம் என்று நினைத்தாளா? கேட்காத சத்தத்துக்குப் பொத்தானை அமுக்கியவன் நான். யாரைக் குற்றம் சொல்ல?

6

மெக்கானிக்கைப் பார்த்த அன்று அவள் வேலைக்குத் திரும்பவில்லை. நேரே வீட்டுக்குப் போனாள். அக்கா சமையலறை மேசையில் அச்சுத்தாள்களைப் பரப்பிவைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். தங்கை எதிரில் வந்து நின்றதும் பேனாவை மூடினாள்.

"மெக்கானிக்கப் பாத்தியா?"

"பாத்தேன்." குரல் எழும்பவில்லை. அக்காவுக்கு அது பிரச்சினையில்லை. "என்கிட்டக் கேட்டிருக்கலாம்லக்கா. ஊருல யாரையோ கேக்கணுமா?"

"உன்கிட்ட எப்படிக் கேக்குறது? நீதான சொன்ன."

தங்கை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீ கூட்டத்துக்குப் போயிட்டு வந்து, ரெண்டு பதிவுன்னு சொல்றாங்க, ரெண்டு பதிவுன்னு சொல்றாங்கன்னு பேசுவ" என்றாள் அக்கா. "ஒரே பதிவுதான்னு என்கிட்ட வந்து அடிச்சுச் சொல்லுவ. நான் கேக்கவே இல்லையே, எதுக்கு இவ இப்படி அடிச்சுச் சொல்றான்னு தோணுச்சு."

"எத்தன வருஷம்க்கா காத்திருந்த?"

"ஆறு. அப்புறம் விட்டுட்டேன். அந்தாளுக்காக நான் கல்யாணம் பண்ணாம இருந்தேன்னு நீ நெனச்சிட்டு இருந்தா, அது வேணாம். ஆறு வருஷத்துக்கு அப்புறம் இருந்தது எனக்காக இருந்தேன். நல்லாத்தான் இருந்தேன்." தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். "ஆனா அந்த ஆறு என்னோடது. அத யாரு எடுத்தான்னு தெரியணும். அந்தாளா, அந்தப் பாட்டா, நீயா."

"கோவமாக்கா?"

"கோவம் வரணும்னா முதல்ல தெரியணும்ல."

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: தங்கை அழுகிறாள், அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்து— இல்லை. இந்த அக்கா அப்படிப்பட்டவள் அல்ல. பிழை இருக்கிற பக்கத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள் அல்ல.

முடிவு ஆ: "கேக்காமலே சொல்லிட்டேன்க்கா." அக்கா நம்புகிறாள். தங்கை அன்றிலிருந்து அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. இது எழுத எளிது. அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.

முடிவு இ: "கேட்டுச்சு. மாத்திச் சொன்னேன்." அடுத்து என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்தப் பக்கம் மூன்று வாரம் வெறுமையாகக் கிடந்தது.

அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று ஐந்தாம் முறை போனபோது கேட்டேன். "காது நல்லா ஆயிடுச்சு, இனிமே வர வேணாம்" என்று அட்டையை நீட்டினாள். என் ரீங்காரம் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே பதிலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆ, இ, எதை வேண்டுமானாலும் அவள் வாயில் வையுங்கள். ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். அக்கா பதிலைக் கேட்கப்போவதில்லை. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, இத்தனை வருடமாகப் பிழைகளையே தேடிப் பழகிய கண்களால், தங்கையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.