மேல்மண்ணில் ஒரு குரல்

சிவந்தகரை அகழாய்வில் மண்ணுக்குள்ளிருந்து குரல்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. மற்ற ஊர்களில் பானையும் பாசிமணியும் கிடைப்பதுபோல இந்த ஊரில் குரல். ஒருவர் பேசியது, அவர் நின்ற இடத்திலேயே மெல்ல மண்ணில் இறங்கி, காலப்போக்கில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டியாகிவிடும். அதைக் காதோரம் வைத்து உள்ளங்கைச் சூடு ஏறும்வரை பிடித்திருந்தால் ஒரே ஒருமுறை பேசும். பிறகு கையில் பொடிதான் மிஞ்சும். அதனால் பெரும்பாலானவற்றை யாரும் கேட்பதில்லை. பஞ்சில் சுற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆய்வுக்கென்று சிலவற்றை மட்டும் கேட்டார்கள். அகழாய்வு அதிகாரி முத்துவீரப்பனுக்கு ஓர் அரசனின் குரல் கிடைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் கேட்ட குரல்களில் பாதி, உப்பு இருக்கிறதா என்றுதான் விசாரித்தன.

தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து எஸ்தர் ராஜகனி வந்து சேர்ந்தாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அவள் கணவர் தங்கசாமி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவருடைய சட்டைகள் இருந்தன, போட்டோ இருந்தது. குரல்தான் இல்லை. அவர் சொன்னதெல்லாம் எஸ்தருக்கு நினைவிருந்தது. ஆனால் எல்லாமே அவளுடைய குரலிலேயே நினைவுக்கு வந்தது. சிவந்தகரைக் காட்டில் மின்கம்பங்கள் நட்டது தங்கசாமியும் அவருடைய ஆட்களும். அங்கே நின்று அவர் பேசாமலா இருந்திருப்பார்?

"எந்தக் குழியில வேலை செய்றீங்க?" என்று முத்துவீரப்பன் கேட்டார்.

"குழி வேண்டாம் சார். மேல்மண்ணச் சலிக்கேன்."

மேல்மண் என்பது தோண்டும்போது முதலில் வெட்டி ஓரமாகக் கொட்டுவது. அதில் நேற்றைய குரல்கள்தான் இருக்கும். ஆடு மேய்த்தவர்கள், வழி கேட்டவர்கள், செல்போனில் சத்தம் போட்டவர்கள். அரசுக்கு அது தேவைப்படவில்லை. அதிகாரி சல்லடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவளோடு மேல்மண்ணுக்கு வந்த இன்னொருவர் சுல்பிகார். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர், இப்போது ஓய்வு. அவருக்குத் தேட யாருமில்லை. மண் சலிக்கும் சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். இருவரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சலித்தார்கள். கிடைத்த ஒவ்வொரு கட்டியையும் எஸ்தர் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வைத்தாள். தங்கசாமியின் கடைவாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு இருக்கும். பேசும் பேச்செல்லாம் அந்த வாசம்தான்.

ஒருநாள் முற்பகலில் கிராம்பு வாசத்தோடு ஒரு கட்டி அகப்பட்டது. எஸ்தர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு அதிகாரியிடம் போனாள்.

"சார், இத நான் வச்சிக்கிடட்டுமா?"

"மேல்மண்ணுதானே, எடுத்துக்கோங்கம்மா. ஆனா ரொம்ப நாள் தாங்காது. பழசுதான் கெட்டிப்பட்டிருக்கும். இது இளசு."

அவள் அதைக் கேட்கவில்லை. டிபன் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள், காலையில் திரும்பக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு வேளையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினாள். எலுமிச்சை அளவிலிருந்தது நெல்லிக்காய் அளவானது. பிறகு சுண்டைக்காய் அளவானது.

சுல்பிகார் ஒருநாள் சல்லடையைக் கீழே வைத்தார். "கேட்டாலும் தீந்துரும், கேக்காட்டியும் தீந்துரும். கேட்டுருங்கம்மா."

"வேற யாரும் கிராம்பு தின்னவனா இருந்தா?"

"அப்பவும் அது அவரு இல்லன்னு தெரிஞ்சுரும்லா."

எஸ்தர் எழுந்து, காட்டின் ஓரத்தில் தனியாக நின்ற மின்கம்பத்தடிக்குப் போனாள். கட்டியை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. சூடு ஏறியது.

"விட்ராதிய... இழு, இழுல... இன்னும் கொஞ்சம். ஆங், போதும். போதும்னேன்லா." பிறகு தொண்டையை ஒருமுறை செருமும் சத்தம்.

அவ்வளவுதான். கன்னத்தில் பொடி ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்காமலே திரும்பி வந்தாள்.

"அவருதானா?"

"அவியதான். கயிறு இழுக்கச் சொல்லுதாவ." சல்லடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாரையோ," என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது 'போதும்னேன்லா' என்பதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறை அவர் குரலில் வந்தது. மூன்றாவது முறை பாதி அவர் குரலாகவும் பாதி தன்னுடையதாகவும் இருந்தது. பஸ் வருவதற்குள் முழுக்கத் தன் குரலாகிவிட்டது. அந்தச் செருமலை மட்டும் அவளால் சொல்லிப் பார்க்க முடியாது என்பதால் அது அப்படியே இருந்தது. ஊர் வந்து சேரும்வரை யாரிடமும் பேசாமல் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இனி வரமாட்டாள் என்றுதான் சுல்பிகார் நினைத்தார். மறுநாளும் வந்தாள். சலித்தாள். கிடைத்ததை முகரவில்லை.

அந்த வாரமே பெரிய குழியில் குரல்களின் அடுக்கு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தது, மனிதர்கள் அந்த இடத்துக்கு வருவதற்கு முந்தைய மண். அதிலும் கட்டிகள் இருந்தன, கறுப்பாக, தலையளவு பெரியதாக. முத்துவீரப்பன் ஒன்றைக் காதோரம் வைத்து நெடுநேரம் பிடித்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அலுப்பில் "என்னய்யா இது" என்றார். அவர் சொன்னதும் கட்டி கையில் கொஞ்சம் கனத்தது.

"இது பேசாது," என்றார் அதிகாரி. "கேக்குது."

அரசனின் குரலைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. பேசிப் பார்க்கச் சொல்லி ஆளுக்கு ஒரு கட்டியைக் கொடுத்தார். வேலையாட்கள் பனைமரங்களுக்கு அடியிலும் தார்ப்பாய் நிழலிலும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். சுல்பிகார் தன்னுடையதிடம் துணி விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் தனக்கு வந்ததை மடியில் வைத்துக்கொண்டாள். வெயிலிலும் அது குளிர்ச்சியாக இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

"காலைல நெத்திலிக் கருவாடு ஆக்கினேன்," என்றாள் கடைசியில். "உப்புக் கூடிப்போச்சு."

கட்டி அவள் மடியில் நன்றாக அழுந்தி உட்கார்ந்தது.