அரை நொடித் தூரம்

பேசுத வார்த்தை வானத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர அரை நொடி ஆகும். இதைச் சொல்லிச் சொல்லியே சண்முகசுந்தரிக்குத் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரசூல் பாய் வச்சிருக்க பிராட்பேண்டு ஆபீஸ்ல போன் எடுக்கதுதான் அவளுக்கு வேலை. டவுனுக்குள்ள ஒயர் இருக்கு, ஒரு தொந்தரவும் இல்ல. மேலநீலிதநல்லூரைத் தாண்டி உள்ள போயிட்டா பல ஊருல ஒயரும் கெடையாது, டவரும் எட்டாது. அங்கன எல்லாம் மொட்டைமாடியில டிஷ்ஷை நட்டு, சாட்டிலைட் வழியாத்தான் நெட்டு குடுக்கணும். அதுக்கு இப்ப அடிபிடியா நிக்காங்க. பால் சொசைட்டிக்கு வேணும், பள்ளிக்கூடத்துக்கு வேணும், மகன் துபாய்ல இருக்க வீட்டுக்கெல்லாம் நேத்தே வேணும். ராயகிரிப் பக்கத்துல ஆட்டுக்கெடை போடுத அண்ணாச்சி ஒருத்தர், கெடை மாத்தும்போது டிஷ்ஷையும் கூடவே பேத்துக்கிட்டுப் போகலாமான்னு கேட்டார். கேக்கத்தானே செய்வார், அவருக்கும் பேரப்பிள்ளை இருக்கு.

மாட்டின மறுநாளே புகார் வந்துரும், எதிராளி லேட்டாப் பேசுதான்னு. இவ பொறுமையா எடுத்துச் சொல்லுவா. சாட்டிலைட்டு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உசரத்துல நிக்கு, உங்க வார்த்தை ஏறி எறங்கணும், அவங்க பதிலும் ஏறி எறங்கணும், பேசிட்டுச் செத்த பொறுங்கன்னு.

ஊருக்குச் சொன்ன இந்தப் பாடம் அவ வீட்டுக்கும் சேர்த்துத்தான். அவ புருசன் இசக்கித்துரை சரக்குக் கப்பல்ல சமையல்காரன். முன்னால எல்லாம் கப்பல் துறைமுகத்துக்கு வந்தாத்தான் பேச்சு. ஆறு மாசத்துக்கு முந்தி கப்பல்ல சாட்டிலைட் நெட்டு போட்டாங்க. அதுல இருந்து நம்ம ஊரு நேரத்துக்குச் சாயங்காலம் நாலரை ஆச்சுன்னா போன் அடிக்கும். சுந்தரியும் பாய்கிட்டச் சொல்லிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துருவா. பேசிட்டு மனசுக்குள்ள ‘ஒண்ணு’ன்னு எண்ணுவா, எண்ணி வாய் மூடுததுக்குள்ள அவன் பதில் வந்துரும். ஒருநாள் தப்பினதில்ல.

போனை வைக்கதுக்கும் ஒரு சட்டம் இருந்துச்சு, மாமியார் மாரித்தாய் போட்டது. வீட்டை விட்டு எறங்குதவன் ‘போறேன்’னு மொட்டையாச் சொல்லப்பிடாது, ‘போயிட்டு வாரேன்’னுதான் சொல்லணும். இது ஊருக்கே உள்ளது. மாரித்தாய் இதைப் போனுக்கும் கொண்டாந்துட்டா. இவ ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லணும், அவன் ‘வாரேன்’னு சொல்லணும், அந்த ‘வாரேன்’ காதுல விழுந்த பொறவுதான் கட் பண்ணணும். வாரேன்னு சொல்லாமக் கெளம்புதது எழவு வீட்டுல மட்டுந்தான். அங்கன யாரும் சொல்லிக்கிடாம எந்திரிச்சுப் போயிருவாங்க.

அந்தத் திங்கக்கிழமை சட்டத்தை மீறுனது சுந்தரிதான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்துருதேன்னு சொல்லியிருந்தவன், மாத்து ஆள் வரல, இன்னும் மூணு மாசம் இருக்கேன்னு கேப்டன்கிட்டத் தலையாட்டிட்டேன்னான். இவளுக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம். மூணு தபசு ஒத்தையிலயே பாத்தவளுக்கு வராம என்ன செய்யும். "அங்கனயே கெடங்க. இனி வராண்டாம்"ன்னு சொல்லிப் பட்டுன்னு கட் பண்ணிட்டா. அவன் வாரேன்னு சொன்னானோ என்னமோ, கேக்க இவ நிக்கல. கொஞ்ச நேரங்கழிச்சு மனசு கேக்காம இவளே அடிச்சா. லைன் போகல.

செவ்வாக்கிழமை நாலரைக்குப் போன் வந்துச்சு. உசுரு வந்தமாதிரி எடுத்து, கோவத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீங்கன்னா. ஒண்ணு எண்ணுனா. பதில் இல்ல. ரெண்டு, மூணு எண்ணுன பொறவு, "அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி"ன்னு அவன் குரல் வந்துச்சு. புதன்கிழமை பத்து எண்ண வேண்டியதாப் போச்சு. வியாழக்கிழமை நாப்பது. மூணு நாளும் வாரேன் வந்து சேருததுக்குள்ள லைன் அறுந்துபோச்சு. அவனுக்கு லேட்டு ஆகுததே தெரியல. என்ன இப்படி இழுக்குன்னு இவ கேட்டா, இங்கன நல்லா அமைதியா இருக்கு, அலையே இல்லன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில ரசூல் பாய்கிட்டக் கேட்டா. அவரு கால்குலேட்டரைத் தட்டிப் பாத்துட்டுச் சிரிச்சார். நிலாவுக்குப் போயிட்டு வரவே ரெண்டரை நொடிதான், நாப்பது நொடின்னா ஒன் மாப்பிள்ளை அறுபது லட்சம் கிலோமீட்டருக்கு அங்கிட்டுல்லா நிக்கணும், லைன்ல நெரிசல், வேற ஒண்ணுமில்ல தங்கச்சின்னார். அவளும் சிரிச்சா.

சிரிச்ச வாய் மூடல, மும்பைக் கப்பல் ஏஜென்ட்டு ஆபீஸ்ல இருந்து போன். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர்தான் பேசினார். திங்கக்கிழமை கப்பல் புயல்ல மாட்டியிருக்கு. நெட்டு எடுக்கலன்னு இசக்கித்துரை பதறிக்கிட்டு, டிஷ் இருக்க மேல்தட்டுக்கு ஏறியிருக்கான். வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு கூட இருந்தவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் ஏறினானாம். அலை அடிச்சுக்கிட்டுப் போயிட்டு. மூணு நாள் தேடியாச்சு, கெடைக்கல. அந்த டிஷ்ஷும் அப்பவே முறிஞ்சுபோச்சு, திங்கக்கிழமைக்குப் பொறவு கப்பல்ல இருந்து ஒருத்தரும் வீட்டுக்குப் பேசலன்னும் சொன்னார்.

சுந்தரி தன் போனை எடுத்துப் பாத்தா. செவ்வாய், புதன், வியாழன். மூணு நாளும் நாலரைக்கு அவன் நம்பர்தான் இருந்துச்சு.

மாரித்தாய் அழல. பொணத்தைப் பாக்காம நான் எதுக்கு அழணும், அவன்தான் தெனமும் பேசுதானேன்னா. துக்கம் கேக்க வந்தவங்களையும் வாசல்லயே நிப்பாட்டித் திருப்பி அனுப்பிட்டா. நாலரைக்குப் போன் அடிச்சுச்சு. சுந்தரி எடுக்கப் பயந்து நின்னா. மாரித்தாய் பிடுங்கி, "ஏலே மக்கா, வீட்டுக்கு வந்துருலே"ன்னு கத்தினா. அந்தக் குரலைக் கேட்டதும் இவளுக்கும் தாங்கல. அவளும் குனிஞ்சு, "வந்துருங்க, வந்துருங்க"ன்னு அழுதா. ரெண்டு பேரும் போனைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. சுந்தரி எழுவது வரைக்கும் எண்ணிட்டா.

"வாரேன்"னான்.

மாரித்தாய்க்கு அது போதும். அன்னைக்கு ரெண்டு ஆளுக்குப் பதிலா மூணு ஆளுக்கு உலை வச்சா.

சனிக்கிழமை எண்ணிக்கை முப்பதாக் கொறைஞ்சுச்சு. ஞாயித்துக்கிழமை எட்டு. திங்கக்கிழமை ரெண்டு எண்ணுததுக்குள்ள பதில் வந்துட்டு. நிலாவுக்கு இங்கிட்டு வந்துட்டாவன்னு சுந்தரிக்கு ஒரு நெனப்பு ஓடிச்சு. அது சந்தோசமா பயமான்னு கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனா அவன் குரல் வேற மாதிரி ஆயிக்கிட்டே வந்துச்சு. தூரத்துல இருந்தப்ப தெளிவா, நிதானமாப் பேசினவன், நெருங்க நெருங்க இழுத்து இழுத்துப் பேசினான். நடுவுல கொளகொளன்னு ஒரு சத்தம். காலுக்குத் தரை தட்டுப்படல, ஒங்க ரெண்டு பேரு குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாரேன்னான். ஏன் மூச்சு வாங்குதுன்னு கேட்டா, தெரியலட்டின்னான்.

வீட்டுலயும் சரியில்ல. கொடியில காயப்போட்ட சேலை வெறைச்சுப்போய், மடிப்புல வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்துக் கெடந்துச்சு. கடலுக்கும் சங்கரன்கோவிலுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க. பக்கத்துத் தறிக்கொட்டகைக்காரர் வந்து, மழையே இல்ல, தறியில பாவு நூல் எல்லாம் நனைஞ்சு கெடக்கு, ஒங்க வீட்டுல தண்ணிக்குழாய் ஏதும் ஒடைஞ்சிருக்கான்னு விசாரிச்சார். மாரித்தாய் அவருக்குப் பதில் சொல்லாம மகன் இடுப்புல கட்டுத சாரத்தைத் துவைச்சு மடிச்சு வச்சா.

செவ்வாக்கிழமை சரியா அரை நொடி. கப்பல்ல இருந்து பேசும்போது இருந்த அதே அரை நொடி. மறுநாள் காலையில சுந்தரி ஆபீஸுக்குப் போயி, ரசூல் பாய் மேஜைக்கு முன்னால நின்னுக்கிட்டே, அரை நொடிக்கும் கீழ கொறைய முடியுமா பாய்னு கேட்டா. அவருக்கு விசயம் தெரியும், இந்தப் புள்ள ஏன் வேலைக்கு வருதுன்னு சங்கடப்பட்டுக்கிட்டுத்தான் இருந்தார்.

"கொறையாது தங்கச்சி. கொறைஞ்சா அது மேல இருந்து வரல. தரையில, பக்கத்துல இருந்துதான் வருது."

சொல்லிட்டு அவ மூஞ்சியைப் பாத்தார். உதட்டுக்குள்ள ஏதோ ஓதிக்கிட்டே வெளிய வரைக்கும் வந்து ஆட்டோ ஏத்திவிட்டார்.

அன்னைக்குப் புதன்கிழமை. நாலரைக்கு முன்னாலயே மாரித்தாய் தலைசீவி, மகனுக்குப் பிடிச்ச நெத்திலிக் குழம்பை எறக்கி வச்சிட்டு, வாசக்கதவுத் தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னா. பக்கத்துக் கொட்டகையில தறி டக்கு டக்குன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன் அடிச்சுச்சு. சுந்தரி எடுத்துக் காதுல வச்சா.

போனுக்குள்ளயும் தறி ஓடிச்சு.

அவ ‘ஏங்க’ன்னா. அந்தச் சொல்லு முடியுததுக்கு முன்னால ‘என்னட்டி’ன்னான். எண்ணுததுக்கு எடமே இல்ல. எங்கன நிக்கீங்கன்னு கேட்டா. வாசல்ல நிக்கேன், கதவைத் தொறன்னான். அப்பன்னு பாத்து கரண்டு போச்சு. இங்கன தறி நின்ன அதே நேரத்துல போனுக்குள்ளயும் தறி நின்னுச்சு. அந்த அமைதியில போனுக்குள்ளயும் கதவுக்கு வெளியவும் அவன் மூச்சு மட்டும் கேட்டுச்சு. தண்ணிக்குள்ள கெடந்து காத்துக்கு அலையுதவன் மூச்சு அது. கதவுக்கு அடியில இருந்து ஈரம் கசிஞ்சு உள்ள வந்துச்சு.

தொறந்துரலாம்னுதான் சுந்தரிக்குத் தோணுச்சு. எப்படி வந்து நின்னாலும் ஏம் புருசன்தானே, ஒரு வாட்டி மூஞ்சியைப் பாத்துக்கிடலாம்லான்னு மனசு கெடந்து அடிச்சுச்சு. ஆனா அந்த மூச்சு அவளை விடல.

"ஏங்க, போன வெள்ளிக்கிழமை, தூரத்துல இருந்தீங்கல்லா. அங்கன எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுட்டி. ஒண்ணும் வலிக்கல."

"இப்ப?"

"வாய் நெறையத் தண்ணி. நெஞ்சு வெடிக்கு. நீங்க ரெண்டு பேரும் கூப்பிட்டீகல்லா, அதான் வாரேன்."

அவளுக்குப் புரிஞ்சு போச்சு. சாகுத வலியெல்லாம் ஒருவாட்டி முடிச்சுட்டு அக்கடான்னு போயிக்கிட்டு இருந்தவனை, இவங்க ரெண்டு பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தத் தண்ணி வழியாவே திரும்ப இழுத்துக்கிட்டு வந்திருக்காங்க. வராண்டாம்னு அன்னைக்குக் கோவத்துல சொன்னா. அதையே இன்னைக்கு ஆசையா இருக்கும்போது சொல்லணும். கூட ஒரு ‘வாங்க’ இல்லாமச் சொல்லணும்.

மாரித்தாய் தாழ்ப்பாளைப் பாதி இழுத்துட்டா. சுந்தரி ஒரு கையால அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டா.

"போங்க"ன்னா.

வெளிய மூச்சு நின்னுச்சு. போனுக்குள்ளயும் ஒண்ணும் இல்ல. மாரித்தாய் கைய உருவப் பாத்தா, இவ விடல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சா. கண்ணுல தண்ணி கொட்டுதது பாட்டுக்குக் கொட்டுது, இவ எண்ணிக்கையை விடல. பத்து ஆச்சு. நாப்பது ஆச்சு. எழுவதைத் தாண்டிச்சு. கதவடியில ஈரம் வத்திக்கிட்டே போயி வெறும் உப்புக்கோடாத் தங்குச்சு. கரண்டு வந்து தறி ஓடிச்சு, போனுக்குள்ள அந்தச் சத்தம் இல்ல. நூத்தி நாப்பது எண்ணும்போது பதில் வந்துச்சு. குரல்ல தண்ணி இல்ல, எரைப்பு இல்ல. சோறு தின்னுட்டு எந்திரிச்சுக் கெளம்புதவன் சொல்லுத மாதிரி சாவகாசமாச் சொன்னான்.

"போறேன்."

அதோட லைன் அறுந்துட்டு. சுந்தரி அப்புறமும் கொஞ்ச நேரம் போனைக் காதுலயே வச்சிருந்தா.

"என்னட்டி சொன்னான்?"ன்னு மாரித்தாய் கேட்டா.

"போறேன்னு சொன்னாவ அத்தை."

"வாரேன்னு சொல்லலையா?"

"சொல்லல."

மாரித்தாய் அவ மூஞ்சியையே பாத்தா. கை தாழ்ப்பாளை விட்டு நழுவிச்சு. வாசப்படியில உக்காந்து, ஆறு நாளா அடக்கி வச்சிருந்த அழுகையை அழ ஆரம்பிச்சா. தெருவே திரண்டு வந்துட்டு. தறியை நிறுத்திட்டுக் கொட்டகைக்காரங்க வந்தாங்க. ரசூல் பாயும் ஆபீஸைப் பூட்டிட்டு வந்து ஓரமா ஒக்காந்திருந்தார். ஆபீஸ்ல தெனமும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கெளம்பும்போது வாரேம்மான்னு சொல்லிட்டுப் போற மனுசன். எந்திரிக்கும்போது சுந்தரி பக்கம் திரும்பி வாயைத் தொறந்தார், அப்புறம் மூடிக்கிட்டுச் செருப்பை மாட்டினார். இருட்டுததுக்குள்ள ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. ஒருத்தரும் அவகிட்டச் சொல்லிக்கிட்டுப் போகல.