பதினோராவது வளைவில் ஏறிய முள்

அழகுமலையிடம் வயதைக் கேட்டால் அறுபத்தொன்று என்பார்; அனுபவத்தைக் கேட்டால் முப்பத்தெட்டு என்பார். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் மீசைக்குக் கை போகும். முப்பத்தெட்டு வருடமாக விடியலில் போடியில் ஆட்களை ஏற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிற ஜீப்பு டிரைவர். ஒரு எஞ்சினைக்கூடக் கொதிக்க விட்டதில்லை. அவருடைய ஜீப்பில் சூடு காட்டுகிற மீட்டர் செத்துப் பல வருடம் ஆகிறது. அதை யார் பார்த்தார்கள்? பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் ஒரு சிவப்புக் காரால் வந்தது. தோட்டத்துக்காரர் மகள் அனுப்பிரியா சித்திரையில் கோயம்புத்தூரில் இருந்து ஆசைப்பட்டு வாங்கிவந்த பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வருடத்துக்கு முந்தியது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, உள்ளே உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். முன்விளக்கு இரண்டும் மூடிக்குள் படுத்திருக்கும்; சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் போல மேலே எழும்பும். போடியில் அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் தவளை என்றே கூப்பிட்டார்கள். அனுப்பிரியாவும் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்தைத் தனியாளாக நான்கு வருடம் நிமிர்த்தியவள், தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே சொகுசு அதுதான். அதை நம்பி ஒப்படைத்தது அழகுமலையிடம்.

ஆடி பிறந்து மழை பிடித்த பிறகு ஒருநாள் அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறினார்கள். பத்து வளைவு வரை தேன்போல வந்த வண்டி, பதினோராவது வளைவு திரும்பியதும் சூட்டு மீட்டரின் முள்ளைக் கிடுகிடுவென்று சிவப்புக்குத் தூக்கியது. ஓரங்கட்டி எல்லாவற்றையும் அணைத்தார். ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார், திறந்து பார்த்தார். தண்ணீர் கழுத்துவரை இருந்தது. பெரிய சூடாகவும் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே இடம், அதே சிவப்பு. அதற்கடுத்த வாரமும் அதேதான்.

வெளியூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். கீழ் ரோட்டில் ஓட்டும்போது சரியாக இருக்கிறது, மேடு ஏறினால் மட்டும் சூடேறுகிறது என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ ஒருநாள் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்கள், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டு சூட்டில் வளைந்துவிட்டது என்று நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'யாரோ' பக்கத்தில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அனுப்பிரியா அதட்டவில்லை. ஒரு நாளாவது பார்க்காமல் எடுத்திருப்பீர்களா அண்ணே என்று மெதுவாகத்தான் கேட்டாள். அழகுமலை யோசித்தார். தினமும் பார்க்கிற ஒன்றை எந்த நாள் பார்த்தோம், எந்த நாள் பார்க்கவில்லை என்று யார்தான் பிரித்துச் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு அந்த வாரம்தான் சிலமலையில் ஒரு துக்க வீட்டுக்குப் போய், வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மனைவி மொக்கம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை உள்ளே கிடந்து குடைந்துகொண்டிருந்தது.

"பாக்காமத்தான் எடுத்துருப்பேன் போல, பாப்பா" என்றார். தவளையின் சாவியோடு ஜீப்புச் சாவியையும் சேர்த்து மேசைமேல் வைத்தார். "மறந்து போறவன் சனத்த ஏத்திக்கிட்டு மலை ஏறக்கூடாது."

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். சொல்லவில்லை. அதுதான் அவரை ஒடித்தது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் போன் செய்தாள். காரை விற்கப் போகிறாளாம். கொச்சியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார், பெட்ரோல் மீட்டர் தப்புத்தப்பாகக் காட்டுகிறது, கலையரசியிடம் காட்டிச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டாள். புது டிரைவருக்கு அதில் காலை நுழைக்கவே தெரியவில்லையாம். ஊருக்குள்தானே, மலை இல்லையே என்று அழகுமலை கிளம்பினார். தன்னால் கெட்ட வண்டி, கடைசியாக ஒரு சோலி செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கலையரசிக்குத் தேனி ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை. வண்டிகளின் வயரிங், டைனமோ, விளக்கு, ஹாரன் எல்லாம் பார்ப்பாள். கடை போட்ட புதிதில் பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று முகத்தைத் திருப்பிய ஜீப்புக்காரர்கள், இப்போது அவள் ஒருநாள் லீவு போட்டால் வண்டியை வாசலிலேயே நிறுத்திவைத்துக் காத்திருக்கிறார்கள். வேலையில் கெட்டிக்காரி, வாயும் சும்மா இருக்காது.

காரைக் கொண்டுவந்து நிறுத்தியவர், அவள் கையில் இருந்த வேலை முடியும்வரை இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து பெட்ரோல் முள் என்ன செய்கிறது என்று கேட்டாள். மலை ஏறும்போது மேலே போகிறது, இறங்கி வந்தால் கீழே வருகிறது, மேட்டில் டேங்கில் பெட்ரோல் பின்னால் சரியும் அல்லவா, அதனால் இருக்கும் என்றார்.

"மலை ஏறினா பெட்ரோல் கூடுதாண்ணே? அப்ப தெனம் ஒரு நடை போய்ட்டு வந்தா பெட்ரோல் பங்க் பக்கமே போக வேணாமே" என்று சிரித்தாள் கலையரசி. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, எந்த இடத்தில் ஏற ஆரம்பிக்கிறது என்று கேட்டாள்.

"பதினோராவது வளைவு."

"சூட்டு மீட்டரு?"

"அதுவும் அங்கதான்."

இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஏறுகின்றன. கலையரசி கையைத் துடைத்தாள். அந்த வளைவில் நீங்கள் என்ன செய்வீர்கள், மேடு ஏறுவதைத் தவிர வேறு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அழகுமலை கண்ணை மூடி அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். இரண்டாவது கியரைப் போடுவார். ஹாரன் அடிப்பார். அப்புறம்...

"அங்கனக்குள்ளதான் மஞ்சு எறங்கும். லைட்டப் போடுவேன்" என்றார். மலைக்காரர்கள் எல்லோரையும் போல மூடுபனியை மஞ்சு என்றுதான் அவரும் சொல்வார்.

கலையரசி பானட்டைத் திறந்து, அவர் கையைப் பிடித்து எஞ்சின் மேல் வைத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு மணி நேரமாகச் சும்மா நின்ற வண்டி, சில்லென்று இருந்தது. கையை எடுக்காதீர்கள், முள்ளை மட்டும் எட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினாள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. சூட்டு முள் அடியில் கிடந்தது. பெட்ரோல் முள் கால் டேங்கில் நின்றது. பிறகு விளக்குச் சுவிட்சைத் தட்டினாள்.

தவளைக் கண் எழும்பியது. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறின. ஒன்று முழு டேங்க் என்றது. இன்னொன்று நேராகச் சிவப்பில் போய் நின்றது.

"கொதிக்குதாண்ணே?"

அழகுமலையின் உள்ளங்கைக்குக் கீழே எஞ்சின் கிணற்றுக்கல் போலக் குளிர்ந்து கிடந்தது. அவள் விளக்கை அணைத்தாள், முள் இறங்கியது. போட்டாள், ஏறியது. நாலைந்து தடவை செய்து காட்டினாள். மேடு ஒன்றும் செய்யவில்லை. மூடுபனி வந்தது, விளக்கைப் போட்டார், முள் பொய் சொன்னது. ஓரங்கட்டி எல்லாவற்றையும் அணைத்ததும் விளக்கும் அணைந்தது, முள் இறங்கியது. இவ்வளவுதான் விஷயம். அந்த மெக்கானிக் பட்டப்பகலில், விளக்கே போடாமல், கீழ் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும்.

எர்த்துதான் என்றாள் கலையரசி. மீட்டருக்குப் போன கரண்ட், வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்தத் திரும்புகிற வழி அடைபட்டிருந்தால் முள் நிலைகொள்ளாது. விளக்குக் கரண்டும் அதே சந்தில் நுழைந்தால் முள்ளை மேலே தள்ளிவிடும். ஒரு நீள வயரை எடுத்து மீட்டருக்குப் பின்னாலிருந்து பாடியில் ஓர் இடத்தில் தொடவைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு முள்ளும் சமர்த்தாக இறங்கி உட்கார்ந்தன. பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"டேஷ்போர்டத் தாங்குற இரும்புச் சட்டத்துல யாரோ கருப்புப் பெயிண்ட்ட ரெண்டு கோட்டு அடிச்சு, அதுக்கு மேலயே எர்த்து வயர வச்சு முடுக்கியிருக்காக. இரும்பு இரும்பத் தொட்டாத்தானே கரண்டு போகும்."

அந்த யாரோவும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மலை ஜீப்பில் பெயிண்ட் அடிக்காத இரும்பு இரண்டு மழை தாங்காது. ஈரத்தில் துருவேறி உதிர்ந்துவிடும். அதனால் மழைக்கு முன்னால் கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது மலை டிரைவர்களின் பழக்கம். ஆனி மாதம் தவளைக்கும் அதே மரியாதையைச் செய்தார். பாப்பா ஆசைப்பட்டு வாங்கியது என்று, யாரும் பார்க்காத சட்டத்தைக்கூடக் கழற்றி, தேய்த்து, இரண்டு கோட்டு அடித்து, ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லாமல் திருப்பி மாட்டினார். என்ன செய்தோம் என்று வரிசையாக, சாயங்கால வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுவரை, அவருக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வருகிறதே என்பதில் வந்த சந்தோஷம், தப்பு செய்த வெட்கத்தையும் தாண்டி நின்றது.

அது தன் கைவேலைதான் என்று சொன்னார். கலையரசி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய வண்டி, எர்த்து விட்டுப்போச்சு என்று நான் சொல்லிக்கொள்கிறேன், பெயிண்ட்டைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்றாள். அழகுமலை தலையை ஆட்டி மறுத்தார். செய்யாத தப்பையே ஒத்துக்கொண்டவர், செய்ததை மறைப்பாரா? அவள் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பைப் பளபளக்கத் தேய்த்து, வயரை முடுக்கினாள்.

சாவியை வாங்கும்போது அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

"முப்பத்தெட்டு வருசம் இந்தக் கைய நம்பிச் சனம் மலை ஏறுச்சு ஆத்தா. மூணு வாரமா நானே நம்பல. அன்னைக்கும் தொட்டுப் பாத்தேன், சூடு இல்லைன்னு கை சொல்லுச்சு. முள்ளப் பாத்துட்டுக் கையத் தள்ளிட்டேன். நீ நல்லா இருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. எப்போதும் ஏதாவது பதில் வைத்திருக்கிற கலையரசி, அன்று போய்ட்டு வாங்கண்ணே என்று மட்டும் சொன்னாள்.

அனுப்பிரியா வீட்டு முன்னறையில் ஏலத்துக்குப் போக வேண்டிய காய்களைத் தட்டில் பரப்பித் தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகுமலை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார். மீட்டர் பொய் சொல்லக் காரணமான பெயிண்ட் தான் அடித்தது என்பதையும் சொன்னார். அவளை வாசலுக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டுக் காட்டினார். முள் அசையவில்லை.

அவள் கையை நீட்டி, விளக்கைத் தானே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

"எஞ்சினுக்காக நான் இத விக்க நெனைக்கலண்ணே" என்றாள். "அது கெட்டா மாத்திக்கலாம். உங்களுக்கு மறதி வந்துருச்சோன்னு பயந்துட்டேன். கார் இங்க நின்னா என்னைக்காவது சாவிய எடுப்பீங்க. நான் வேணாம்னு சொல்லணும். அத உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அதான் காரே இல்லாமப் போகட்டும்னு..."

சாவியை வைத்த அன்று அவள் வேண்டாம் என்று சொல்லாததை இத்தனை நாளும் வேறு மாதிரி நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார் அழகுமலை. தன்னை ஒரு வார்த்தை நோகச் சொல்லாமல் இருப்பதற்காக, இந்தப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியதையே தூக்கிக் கொடுக்க இருந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு யோசிக்குமா என்று தெரியவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நீ பயந்தது சரிதான் பாப்பா" என்றார். "சனம் ஏறுற வண்டி. ஒருநாள் நெசமாவே எனக்கு மறந்து போகும். அன்னைக்குச் சாவிய வாங்கிக்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா முள்ளக் கேட்டு முடிவு பண்ணாத. என்னைய உக்கார வச்சு, என்னையக் கேளு."

"கேக்குறேண்ணே" என்றாள் அவள். கொச்சிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஜீப்புச் சாவியை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் பதினாலு பேர் மேலே போக வேண்டும் என்றாள்.