வேகம் பத்து கிலோமீட்டர்

நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஒரு நாய் காவலாளியைக் கடித்தால் எங்கள் சேனலில் அது காலையிலிருந்து மதியம் வரை ஓடும். பிள்ளைப்பாக்கத்தில் ரோட்டையே காணோம் என்று நான் செய்தி அனுப்பினால், "விஷுவல்ல ஆக்‌ஷன் இல்லையே பகலவன்" என்பார் இராமச்சந்திரன். அவர் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து எங்கள் பகுதிச் செய்திகளைப் பார்த்துக்கொள்கிறவர். பார்த்துக்கொள்கிறவர் என்றால், பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிறவர்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பகுதி நிருபர். சம்பளம் கிடையாது. அனுப்பிய செய்தி ஒளிபரப்பானால்தான் காசு. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிறேன். ஆனாலும் சேனல் பெயர் போட்ட மைக் வண்டி டிக்கியிலேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இறங்கினால் போலீஸ்காரர் முதல் டீக்கடைக்காரர் வரைக்கும் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அந்த மைக்கின் மறுமுனையில் யாருமே இல்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

பிள்ளைப்பாக்கம் வழியாக ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டில், மழைநீர்க் கால்வாய் கட்டப் போகிறோம் என்று போன வருஷம் பாதியைத் தோண்டினார்கள். தோண்டிய அன்றைக்கே பெரிய மஞ்சள் போர்டு ஒன்று வந்தது. 'பணி நடைபெறுகிறது. வேகம் 10 கி.மீ.' அதற்குப் பிறகு அங்கே நடைபெற்ற ஒரே பணி, அந்தப் போர்டு நின்றது மட்டும்தான். கான்டிராக்டர் திருமலைக்கு பில் பாஸாகிவிட்டது, யார் யாருக்குப் பங்கு போனது என்பதெல்லாம் டீக்கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். அலுவலகத்தில் போய்க் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். சென்னைப் பெருநகர எல்லையை விரித்து எங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள் அல்லவா, மனை அனுமதி என்று வந்தால் நாங்கள் சென்னை. ரோடு என்று கேட்டால் நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம், அங்கே போய்ப் பாருங்கள் என்கிறார்கள். எரிச்சல் வராதா?

ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, ரோடு எது பள்ளம் எது என்று தெரியாமல் போனபோது, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய என் மனைவி சண்முகப்ரியா உள்ளே விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் கட்டோடு கிடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே செய்தி அனுப்பினேன். உடனே இராமச்சந்திரனிடமிருந்து போன். மனுஷன் அக்கறையாக விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "உயிரிழப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் இசக்கிதுரைக்கு அபராதம் விழுந்தது. இசக்கிதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். படப்பையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, என் மனைவி போகிற கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவன். அந்த மஞ்சள் போர்டுக்குப் பக்கத்தில் எஸ்.ஐ. ஒருவர் அவனை மடக்கி, வேலை நடக்கிற இடத்தில் முப்பதிலா வருகிறாய் என்று ரசீது கிழித்துக் கொடுத்திருக்கிறார். எங்கே சார் வேலை நடக்கிறது என்று இவன் கேட்டதற்குப் போர்டைக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் போனுக்குக் கண்ணாடி ஒட்ட என் கடைக்கு வந்தவன் கொதித்துக்கொண்டிருந்தான்.

"போர்டுல பத்துன்னுதான போட்டுருக்கு அண்ணாச்சி? நாளையிலேருந்து நான் பத்துலதான் போவேன். எவன் என்ன சொல்லுதான்னு பாக்கேன்."

ஆத்திரத்தில் பேசுகிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் காலை நான் கடையைத் திறப்பதற்குள் சண்முகப்ரியா பஸ்ஸிலிருந்து போன் செய்தாள்.

"யோவ், இன்னா பண்ணிகினு கீற? மைக்க எடுத்துகினு வாய்யா. நம்ம பஸ்ஸ எரும மாடு ஓவர்டேக் பண்ணிகினு போவுது."

போய்ப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இசக்கிதுரையின் பஸ் முன்னால் கல்யாண ஊர்வலக் கார் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அவன் ராத்திரியே டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். கண்ணுக்கெட்டிய வரைக்கும் கம்பெனி பஸ்கள், எல்லாம் பத்தில். பாதி ரோடு பள்ளம், மீதிப் பாதியில் முந்துவதற்கு வழி ஏது? பஸ்களுக்குப் பின்னால் புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள், தண்ணீர் லாரிகள், ஷேர் ஆட்டோக்கள். வால் வண்டலூர் சாலை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையின் ஓரமாக ஓடினேன்.

கம்பெனி பஸ் தாமதமானால் தொழிலாளிக்கு லேட் மார்க் கிடையாது. அதனால் பஸ்ஸுக்குள் பெண்கள் டிபன் டப்பாவைத் திறந்து ஒருவருக்கொருவர் எலுமிச்சம் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆள் வராமல் கம்பெனியில் உற்பத்தி லைன் ஓடாது, அதனால் வெளியே எல்லோருடைய போனும் அலறிக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்கு, அங்கிருந்து நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு. ஒரு வருஷமாக ஒருவரை ஒருவர் தெரியாதது போல இருந்தவர்கள் எல்லாம் ஒரே காலையில் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அதே எஸ்.ஐ. வந்தார். வேகமாகப் போடா என்று கத்தினார். இசக்கிதுரை ஜன்னல் வழியாக நேற்றைய ரசீதை மரியாதையாக நீட்டினான். சட்டத்தை மீறியவனுக்கு அபராதம் போடலாம், மதிக்கிறவனுக்கு என்ன போடுவது? அவர் ரசீதையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போக்குவரத்தைச் சரிசெய்கிறவர் போலக் கையை ஆட்டிக்கொண்டு தூரமாகப் போய்விட்டார்.

சிரித்து முடிப்பதற்குள் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் வந்து சேர்ந்தார். பஸ் முதலாளியின் ஆள். சேற்றில் செருப்பு வழுக்க, பஸ்ஸோடு கூடவே ஓடிக்கொண்டு திட்டினார். அதே நேரம் எதிரிலிருந்து நெடுஞ்சாலைத் துறை ஜீப் ஒன்று ஒற்றை வழியில் புகுந்து பஸ்ஸுக்கு முகத்துக்கு முகம் வந்து நின்றது. இப்போது பத்தும் இல்லை, மொத்தமாக நின்றுவிட்டது. மேனேஜர் ஜன்னலுக்குக் கீழே கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கு, இனி இந்த ரோட்டில் எந்த டிரான்ஸ்போர்ட்டிலும் நீ ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். பஸ் முதலாளிகள் எல்லோருக்கும் இவன் பெயரை அனுப்பிவிடுவார். இசக்கிதுரையின் முகத்தில் ரத்தமே இல்லை. மற்ற பஸ்களின் டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். இவன் இறங்கினால் நாளைக்கு அவர்களும் முப்பதில்தான் போவார்கள், பள்ளம் அடுத்த ஐப்பசிக்கும் அப்படியே இருக்கும்.

அப்போது இராமச்சந்திரன் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. விமான நிலையம் போக வேண்டிய வெளிநாட்டு விருந்தினர்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டார்களாம், 'முதலீட்டாளர்கள் தவிப்பு' என்று உடனே லைவ் வேண்டுமாம். கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார். "பள்ளம் கிள்ளம்னு ஆரம்பிக்காத. திருமலை நம்ம பொங்கல் விளம்பரக்காரர்."

சரி சார் என்றேன். சண்முகப்ரியா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, வீடியோ காலில் இருந்த என் போனைப் பிடித்துக்கொண்டாள். என் காதில் இயர்போன். ஸ்டூடியோவிலிருந்து ஒரு பெண் குரல், எத்தனை வெளிநாட்டினர் சிக்கியிருக்கிறார்கள் என்று கேட்டது. இத்தனை வருஷமாக நான் காத்திருந்த லைவ். நான் வெளிநாட்டினரைத் தேடவில்லை. கையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டி, "ஒரு வருஷமாக இப்படிக் கிடக்கும் இந்தப் பள்ளத்தைத் தோண்டியவர் கான்டிராக்டர் திருமலை" என்று ஆரம்பித்தேன்.

காதில் எல்லா சத்தமும் நின்றது. பிறகு இராமச்சந்திரன் மட்டும் பேசினார். கட் பண்ணியாச்சு, உன் திமிரை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

லைவ் செத்துப்போனது. சண்முகப்ரியா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் மைக்கைத் தாழ்த்தப் போன நேரத்தில் ஜீப் பக்கம் கண் போனது. உதவிப் பொறியாளர் இறங்கி நின்று, விரல்களால் தலையை வாரிக்கொண்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். தன் முறைக்காகக் காத்திருந்தார்.

எனக்குள் ஏதோ ஒன்று குபுக்கென்று பொங்கியது. கோபமா சந்தோஷமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நேராக அவரிடம் போய், "நேரலையில் இப்போது நம்மோடு இணைகிறார் நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர்" என்றேன். சண்முகப்ரியாவின் கட்டைவிரல் ரெக்கார்டு பொத்தானை அழுத்தியது.

பஸ்ஸின் டேஷ்போர்டில் இசக்கிதுரையின் போனில் எங்கள் சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நடிகர் தன் புது வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். இசக்கிதுரை அதைப் பார்த்தான். மேனேஜர் தலையைத் தூக்கி எட்டிப் பார்ப்பதற்குள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

பள்ளம் எப்போது மூடப்படும் என்று கேட்டேன். பொறியாளர் தொண்டையைச் செருமினார். மொத்தத் தமிழ்நாடும் தன் முகத்தைப் பார்க்கிறது என்று அவர் நம்புவது அவர் நெற்றி வேர்வையில் தெரிந்தது. நிதி, டெண்டர், மழை என்று சுற்றினார். நான் மைக்கை இம்மியும் நகர்த்தவில்லை. எப்போது சார் என்று மட்டும் மறுபடி கேட்டேன்.

"இன்னிக்கே," என்றார். "கால்வாய்ல எறக்குற கான்கிரீட் பெட்டிங்க எல்லாம் ரெடியா கீது. இன்னிக்கே எறக்கி மண்ணு தள்ளிடுவோம்."

அடுத்த கேள்வியை மேனேஜரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மெதுவாக ஓட்டிய டிரைவர்கள் மீது ஏதாவது தவறு உண்டா சார்?

"அவங்க மேல இன்னா தப்பு? போர்டு வெச்சது எங்க டிபார்ட்மென்ட். அத மதிச்சு ஓட்னவங்கள பாராட்டணும்."

மேனேஜரின் நீட்டிய கை மெல்ல மடங்கி பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது. மற்ற டிரைவர்கள் கைதட்டினார்கள், பஸ் ஜன்னல்களிலிருந்து பெண்கள் விசிலடித்தார்கள். பொறியாளர் மைக்கை விட்டு நகர்ந்ததும் திருமலைக்குப் போன் போட்டு, லைவில் சொல்லிவிட்டேன், மெஷின் வரவில்லை என்றால் எனக்கு வேலை போய்விடும், அதற்கு முன்னால் உன் பில்களை எல்லாம் வெளியே எடுப்பேன் என்று மிரட்டியது நாங்கள் எல்லோரும் கேட்கத்தான் நடந்தது.

மதியத்துக்குள் ஜேசிபி வந்தது. பெட்டிகளை ஏற்றிய லாரிகள் வந்தன. ஒரு வருஷமாக இல்லாத ஆட்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் கடையைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டி இறங்கும்போதும் சின்னப் பையன் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியாளர் பக்கத்தில் வந்து, காலையில் நன்றாக வந்ததா என்று கூச்சத்தோடு விசாரித்தார். தெளிவா வந்தீங்க சார் என்றேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சண்முகப்ரியா வந்து இறங்கியபோது பள்ளம் பெரும்பாலும் மூடியிருந்தது. அவள் புது மண்ணின் மேல் ஏறி நின்று இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இராமச்சந்திரன் கூப்பிட்டார்.

"மெஷின் வந்துடுச்சாமே. விஷுவல் அனுப்பு பகலவன். 'நமது செய்தி எதிரொலி'ன்னு ஆறரை புல்லட்டின்ல போட்டுடலாம்."

"எந்தச் செய்தி சார்?" என்றேன். "நீங்க இன்னும் செய்தியே போடலையே."

நான் விடவில்லை. காலையில் எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது, திருமலை பெயரோடு முழுசாகப் போடுவதென்றால் அனுப்புகிறேன், இல்லையென்றால் வேறு சேனலுக்குக் கொடுப்பேன், எதிரொலி அவர்களுக்கு என்றேன். அவர் பல்லைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. கடைசியில் அனுப்பித் தொலை என்றார்.

ஆறரைக்கு டீக்கடை டிவியில் வந்தது. முழுசாக, பெயரோடு, கீழே சிவப்புப் பட்டையில் 'நேரலை' என்ற பொய்யோடு. இசக்கிதுரை என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. கடையே கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பொறியாளர்.

"இன்னாப்பா, காலைல போட்டத மறுபடியும் போட்றாங்க? அவ்ளோ நல்லாவா வந்துகீது?"

ஜனங்கள் கேட்கிறார்கள் சார், அதனால்தான் மறுஒளிபரப்பு என்றேன். அவர் சந்தோஷத்தில் சிரித்தார். நாளைக்கும் போடுவார்களா என்று கேட்டார்.

"மேல தார் போட்டீங்கன்னா போடுவாங்க சார்."

மறுநாள் காலை நான் மைக்கோடு போய் நிற்பதற்கு முன்பே தார் லாரி வந்து நின்றிருந்தது.