பூனைக்கு வந்த காய்ச்சல்

தானியக் கிடங்கில் அவனைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை இடுக்கில் எலிக்கூட்டைக் கண்டால் வெறுங்கையை விட்டே பிய்த்தெறிவான். பத்தொன்பது வருடமாகக் கிடங்கைக் கூட்டியவன் அவன்தான்.

நாற்பத்து நாலாவது வயதில் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. சர்க்கரை இல்லை, வலி மாத்திரைப் பழக்கம் இல்லை, குடி இல்லை. காரணம் தெரியவில்லை என்று சீட்டில் எழுதினார்.

காரணம் சொல்ல வீட்டில் ஆளா இல்லை? "திருட்டுத்தனமாக் குடிச்சிருப்பார்" என்றான் மச்சான்.  மனைவியோ, அவன் வேலை முடிந்து வந்ததும் கிட்டே வந்து மூச்சை மோந்து பார்த்தாள். வீங்கின காலைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

டாக்டரம்மா விடவில்லை. "முன்னாடி எப்பவாவது பெரிய காய்ச்சல் வந்துச்சா?"

"மூணு வருஷம் முன்னாடி வந்துச்சுங்க. பத்து நாள் இடுப்பே முறிஞ்ச மாதிரி வலி. ரெண்டு நாள் ஒண்ணுக்குச் சரியாப் போகலை."

எலி நடமாடும் கிடங்கில் வேலை என்று தெரிந்ததும், கிடங்கு ஆட்கள் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். எலியின் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து புழுதியில் கலக்கும். அதை மூச்சோடு இழுத்தால் தொற்றும் வைரஸ் ஒன்று எப்போதோ அவன் உடம்புக்குள் வந்து போயிருக்கிறது.

"அப்ப அதுதான் கிட்னியைக் கெடுத்துச்சா?" என்று கேட்டான்.

"அடிச்சுச் சொல்ல முடியாது. உங்ககூட வேலை பாக்கற அஞ்சு பேருக்கும் அது வந்து போயிருக்கு. அவங்க கிட்னி நல்லாத்தான் இருக்கு."

அவனுக்குச் சப்பென்றாகிவிட்டது.

பேருந்துக்கு நிற்கும்போது மனைவி, "நான் மோந்து பாத்திருக்கக் கூடாதுங்க" என்றாள்.

"சரி, விடு."

மறுநாள் சுமைக்காரர்கள், "பூனைக்கே எலி தண்ணி காட்டிருச்சே" என்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு மேலாளரிடம் போய், இனி யார் கூட்டினாலும் புழுதி அடங்க மருந்துத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும் என்றான்.

"மூட்டை நனைஞ்சிடும்பா."

"மூட்டையைக் காய வச்சுக்கலாம் சார்."

மேலாளர் ஒத்துக்கொண்டார். வளைகளைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். அவனை வாசலில் எடை பார்க்க உட்காரவைத்தார்கள்.

ஒரு வருடமாகிறது. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. எத்தனை நாளைக்கு என்றால், "பாப்போம்" என்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வேலைக்கு வந்துவிடுகிறான்.